நிலத் தரகரின் நோட்டீஸ்

இன்று பத்தாம் வகுப்பில், தொழிற்சாலைக்கு நிலம் கேட்டுத் தரகர் விட்ட நோட்டீசைத் தோலுரித்துக் காட்டினேன்.

"மொதல்ல பயமுறுத்துறான்: 'உங்கள் பிள்ளையும் சேற்றிலேயே கிடக்க வேண்டுமா?' அப்புறம் ஆசை காட்டுறான்: 'வீட்டுக்கு ஒரு வேலை.' யாரு குடுப்பாங்கன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

வகுப்பே சிரித்தது. என் நடிப்பு அப்படி. சம்பளம்தான் வாத்தியார் சம்பளம்.

வடக்குப்பட்டு மேரி மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா?"

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது சார். நேத்து நான்தான் இத்தப் படிச்சுக் காட்னேன். நீங்க சொல்லிக் குடுத்த மாரியே, ஏத்தி எறக்கி."

"அப்புறம்?"

"தரகர் நீட்டின பத்திரத்துல கைநாட்டு வெச்சிட்டாரு. எங்களுக்கு இருந்த நெலமே அது ஒண்ணுதான் சார்."

நாளையும் அதே வகுப்பு. அவளிடம் என்ன சொல்வதென்று இந்த வாயாடிக்கே தெரியவில்லை.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். நோட்டீஸ் நடையில் மட்டும் வேண்டாம்.