அப்பா கேட்ட இன்னொரு குரல்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. உற்றாரும் நண்பர்களும் கூடியிருக்கும் இந்நாளில், மகளாகிய நான் அறிந்ததை எழுதுகிறேன்.

அப்பா தொம்மலூரில் பிறந்தவர். பகலில் மில் வேலை; மாலையில் காக்ஸ் டவுனில் ஒரு மாதாகோயில் கூடத்தில் நாடக ஒத்திகை. நாடு விடுதலையடைந்த அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெண்ணின் துயரத்தைப் பெண்தான் பேச வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். பழைய நடிகர்கள் சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். சிவாஜிநகரில் தையல் வேலை செய்துவந்த சரோஜா அக்காதான் முதலில் துணிந்து வந்தார்.

காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் கதைதான் அவர் நடித்த நாடகம். "கதவைச் சாத்தாதீங்க, அவன் வருவான்" என்று அவர் சொல்லும்போது கூடத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

நாடகம் நடக்கவிருந்த ஒரு நாளில் சரோஜா அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். "இன்னிக்கி வேணாம்மா, படுத்துக்கோ" என்றார் அப்பா.

"நான் வரலேன்னா மீசைய மழிச்சிட்டு ஒருத்தன் வந்து நிப்பான். அதுக்கா இவ்ளோ பாடுபட்டோம்?" என்று கேட்டுவிட்டு மேடையேறினார். அந்த வாரமே இறந்துபோனார்.

அதன்பின் அப்பா நாடகத்தை விட்டுவிட்டார். சரோஜா அக்காவின் தாயார் முனியம்மாள்தான் ஒருநாள் தேடிவந்தார். "நீங்க நிறுத்திட்டீங்கன்னா, எம் பொண்ணு கூத்தாடிச் செத்தான்னுதான் ஊரு பேசும். அதே நாடகத்த மறுபடி போடுங்க."

ஸ்டெல்லா என்ற ஆசிரியை அந்தத் தாய் வேடத்தை ஏற்றார். ஒத்திகையில் அவர் 'கதவைச் சாத்தாதீங்க' என்ற வசனத்தைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே, திரைக்குப் பின்னால் யாரோ அதைச் சொல்வது அப்பாவுக்குக் கேட்டது.

"உள்ள யாரும்மா?"

"யாரும் இல்லீங்க சார்" என்றார் ஸ்டெல்லா.

ஒவ்வொரு ஒத்திகையிலும் அப்படியே கேட்டது. "எனக்குப் புத்தி பிசகுதோ என்னமோ" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிக் கலங்கினார்.

நாடகம் அரங்கேறிய அன்று முனியம்மாள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். முடிந்ததும் அப்பாவின் கைகளைப் பற்றிக்கொண்டார். "ரெண்டு கொரலு கேட்டுதுங்க. ஒண்ணு எம் பொண்ணுது."

அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதார். அதற்குப்பின் அவர் நாடகத்தை நிறுத்தவே இல்லை. எத்தனையோ பெண்கள் அவரால் மேடை கண்டார்கள். ஆனால் எந்த நாடகமானாலும் திரை உயரும் முன் சற்றுநேரம் தனியே நின்று காதுகொடுப்பார். மருத்துவமனையில் கடைசி நாட்களிலும் அவர் பேச்சை நிறுத்தி எதையோ கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் கண்டோம்.

இரவும் பகலும் உடனிருந்த மில் தோழர்களுக்கும், ஸ்டெல்லா அவர்களுக்கும், தோள்கொடுத்த நடிகர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தள்ளாத வயதிலும் அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்த முனியம்மாள் அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்று அப்பாவின் உடலருகே குனிந்து அவர் சொன்னது இதுதான்: "அவளப் பாத்தீங்கன்னா, அம்மா நல்லா இருக்கான்னு சொல்லுங்க."