பூமியை மெதுவாக்கும் கண்மாய்

எங்கள் தொழிலில் கூட்டம் தூங்கினால் பிழைத்தோம். கவனித்துக் கேட்டால்தான் வம்பு. மைக் பிடித்து எதையாவது விளக்கிப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நான் அறிவியல் வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டுகிறவன்.

சுழல் நாற்காலி

நாகலாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூட மைதானத்தில் சுழல் நாற்காலியைப் போட்டேன். வெள்ளாமை செய்கிற பெருமாள்சாமி என்கிற சம்சாரி வந்து உட்கார்ந்தார். இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் கொடுத்துச் சுற்றிவிட்டேன். கையை நீட்டினால் வேகம் குறைந்தது, மடக்கினால் கூடியது. பூமியும் இப்படித்தான், மாபெரும் அணையில் தண்ணீரைத் தேக்கினால் கையை நீட்டியதுபோலக் கனம் மேலே ஏறுகிறது, சுழற்சி துளி மெதுவாகிறது, நாள் துளி நீள்கிறது என்றேன். இறங்கியவர் மைக்கைக் கேட்டு வாங்கினார். "சார் சொல்லுதது நெசம். நான் உக்காந்து பாத்துட்டேன்."

பூகம்பத்தின் லாபம்

பெரிய நிலநடுக்கம் சில சமயம் கனத்தை உள்ளே இழுக்கும், நாள் துளி குறையும் என்றும் சொன்னேன். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்கு வேனில் வேலைக்குப் போய்வரும் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப அன்னைக்கு எங்கள வெள்ளென விட்ருவாவளா?"

ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் ஒன்றிரண்டு பங்குதான் என்றேன்.

"அத சூப்பர்வைசரே எடுத்துக்கிடட்டும்."

கிராமசபை

மறுநாள் கிராமசபை. கண்மாயில் வண்டல் அள்ளுவதா என்று முடிவெடுக்க வேண்டும்; மழைக்குமுன் அள்ளாவிட்டால் இந்த வருஷமும் தண்ணீர் நிற்காது. வண்டியைக் கிளப்பும் நேரத்தில் முத்தம்மா அக்கா வந்து நின்றார். கண்மாய்ப் பாசனத்தில் அவருக்குக் கொஞ்சம் வயல். போன வருஷம் கருகியது. "நேத்து நீங்க பேசுனதுல கண்மாய் வேல நிக்கப் போவுது. வாங்க சார்."

சபையில் பெருமாள்சாமி பேசிக்கொண்டிருந்தார். "தண்ணி தேக்குனா பொழுது நீளும்னு சார் சொன்னாவ. இப்ப அடிக்க வெயிலு பத்தாதா?" வறண்ட கண்மாய்க்குள் அவர் பருத்தி போட்டிருப்பதையும், வண்டல் அள்ளினால் அது போய்விடும் என்பதையும் பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார்.

மாபெரும் அணைக்கே நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, கண்மாய் கணக்கிலேயே வராது என்றேன்.

"கொஞ்சமாவது மெதுவாகுமா, ஆகாதா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆகும்" என்றேன். தீர்மானம் எழுதவிருந்த ஊராட்சித் தலைவர் பேனாவை மூடினார்.

முத்தம்மா எழுந்தார். "மெதுவாவே சுத்தட்டும். இவ்வளவு நாளு வேகமாச் சுத்தி என் வயலுக்கு என்னத்தக் கொண்டாந்துட்டு?"

சிரிப்பு அடங்குமுன் கைகள் உயர்ந்தன. வண்டல் அள்ளத் தீர்மானமாயிற்று. வெளியே பெருமாள்சாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பருத்தி வெடிக்க வரைக்குமாவது பூமிய நிறுத்திவைக்க வழி உண்டா சார்?"

இப்போதெல்லாம் அணையைப் பற்றிப் பேசுமுன், அந்த ஊர்க் கண்மாய்க்குள் யார் விதைத்திருக்கிறார் என்று விசாரித்துக்கொள்கிறேன்.