நிஸாமின் மூச்சு

கொழும்பு வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதியால் நடந்து போகிற கார்த்திகனை ஆட்கள் திரும்பிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு தமிழ்த் தொலைக்காட்சித் தொடரில் அவன்தான் கதாநாயகன். அதே தொடரில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவனாக வந்தவன் கொட்டாஞ்சேனை நிஸாம்.

தொடர் முடிந்தபின் சின்ன வேஷம் எதற்கும் கார்த்திகன் சம்மதிக்கவில்லை. நிஸாமோ கிடைத்ததையெல்லாம் நடித்தான். சிங்கள நாடகங்களில் பஸ் கண்டக்டர், காவலாளி, ஒருமுறை பிணம்கூட. போன வருடம் ஒரு சிங்களப் படத்தில் மட்டக்குளி மீனவனாக நடித்து, வெளிநாட்டு விழாவொன்றில் சிறந்த நடிகனுக்கான விருதை வாங்கிவிட்டான். அந்தச் செய்தி வந்தபோது கார்த்திகன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"எல்லாம் அதிர்ஷ்டம்," என்றான் மனைவி தனுஷியாவிடம்.

"படம் பாத்தனீங்களோ?"

அவன் எழுந்து கைகழுவப் போனான்.

இப்போது அவனுக்குப் பிழைப்பு டப்பிங். அந்தப் படத்தைத் தமிழில் கொண்டுவர முடிவானபோது நிஸாம் வெளிநாட்டுப் படப்பிடிப்பில் இருந்தான். அவனுக்குக் குரல் கொடுக்கும்படி பம்பலப்பிட்டி ஸ்டூடியோ ஒன்றிலிருந்து கார்த்திகனைக் கூப்பிட்டார்கள். மறுத்தால் பொறாமை என்பார்கள். போனான்.

இரண்டு நாள் வேலை சுகமாகத்தான் போனது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் காட்சி. மீனவனின் மனைவி செத்துப்போய்விட்டாள். நிஸாம் அவளுடைய செருப்பைச் சொப்பிங் பையில் போட்டு அதன் வாயை முடிச்சிடுகிறான். வசனம் கிடையாது. மூச்சு மட்டும் கொடுக்க வேண்டும்.

ஒலிப்பதிவு செய்த ஹிபா ஐந்து தடவை நிறுத்தினாள்.

"அண்ணா, நீங்க அழுறீங்க. அவர் அழ இல்லயே."

கார்த்திகனுக்குக் காது சூடாகியது. அடுத்த தடவை திரையில் நிஸாமின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். அது ஏறியபோது இழுத்தான், இறங்கியபோது விட்டான். சரியாக வந்தது. இவ்வளவு நாளும் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பித்திருந்தான். இனி அப்படிச் சொல்ல முடியாது. அதுதான் அவனை எரித்தது.

அந்தக் கிழமையே வெளிநாட்டிலிருந்து நிஸாம் அவனுக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், நீதானாம் குரல் தந்த. சந்தோஷம். அந்த ஆஸ்பத்திரி சீன் எப்பிடி ஈக்கி?"

"பரவாயில்ல. கொஞ்சம் இழுக்குது."

"எனக்கும் அப்பிடித்தான் பட்டிச்சி," என்றான் நிஸாம் மெதுவாக. "நீ சொன்னா சரியாத்தான் ஈக்கும்."

அவன் நம்பிவிட்டான். அதைக் கார்த்திகனால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் இரண்டு தரம் நடந்துவிட்டு, போனை எடுத்துக் குரல் செய்தி ஒன்று பதிவுசெய்தான்.

"நிஸாம், நான் பொய் சொன்னனான். அந்த சீன் நல்ல சீன். என்னால அப்பிடி நடிக்கேலாது."

திருப்பிக் கேட்டால் அழித்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். கேட்காமலே அனுப்பினான். நெஞ்சில் அந்த எரிவு அப்படியேதான் இருந்தது.