தூசிக்கு ஒரு கிளாஸ் பால்

லண்டனில், குட்மேய்ஸில் எங்கள் தெருவுக்கு இப்போது மறுபடியும் கண்ணாடிப் போத்தலில் பால் வருகிறது. பிளாஸ்டிக் வேண்டாம் என்று மகள் செய்து வைத்த ஏற்பாடு. காலையில் வாசலில் போத்தல்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டால் நான் ஒரு கணம் இந்த வீட்டில் இருப்பதில்லை. மனோர் பார்க்கில், என் பழைய வீட்டுக்காரரின் சமையலறையில் இருக்கிறேன்.

இலங்கையிலிருந்து அகதியாக வந்து நான் முதலில் அறை எடுத்தது அவருடைய வீட்டில்தான். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, எழுபதை நெருங்கிய வெள்ளைக்காரர். எனக்கு அப்போது தளபாடப் பட்டறையில் மரம் தேய்க்கும் வேலை. தலைமயிரெல்லாம் மரத்தூளோடு திரும்பி வந்தால் மேசையில் ஒரு கிளாஸ் பால் காத்திருக்கும். "குடி, தூசியைக் கீழே இறக்கும்" என்பார். குடித்து முடிக்கும்வரை மாடிப்படியில் கால் வைக்க விடமாட்டார். காய்ச்சாத பால் குடித்தால் சளி பிடிக்கும் என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவன் நான். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சி, இஞ்சியும் தட்டிப் போட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். நல்ல பாலைக் கெடுத்துவிட்டாய் என்று ஒரு வாரம் புறுபுறுத்தார். பிறகு ஒருநாள் தனக்கும் ஒரு கிளாஸ் இஞ்சிப் பால் கேட்டார். அந்த மாலைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தூசிக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அவர் எழுந்துபோய் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், பத்தொன்பது வயதில், ஆற்றங்கரையில் இருந்த ஓர் இரசாயனக் கம்பனியில் உலை பார்க்கும் வேலை செய்தாராம். சாயமும் வெளுக்கும் தூளும் செய்துவந்த கம்பனி. அணுவைப் பற்றிய அறிவு விஞ்ஞானிகளிடம் இருந்தது. உலையும் பீப்பாயும் ஆட்களும் கம்பனிகளிடம் இருந்தன, அதனால் அரசாங்கம் அவற்றைத் தேடி வந்தது என்றார். பச்சை நிறத் தூளைக் கல்சியத்தோடு கலந்து, இரும்புக் கலத்தில் இறுக்கி அடைத்துச் சூடாக்குவார்கள். ஆறிய பின் கசடை உடைத்தால் அடியில் ஒரு கட்டி இருக்கும். சிறியதுதான், ஆனால் தூக்கினால் கை கீழே போகும். அதைச் சீவும்போது சீவல்கள் தாமாகவே தீப்பற்றும். அது யுரேனியம் என்று எவரும் சொல்லவில்லை. 'விசேஷ உலோகம்' என்றுதான் பேச்சு.

ஷிப்ட் முடிந்ததும் கம்பனி ஆளுக்கு ஒரு போத்தல் பால் கொடுத்தது. தூசிக்கு அதுதான் மருந்து. தூசி படிந்த வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய தாய் துவைத்தார். ஜப்பானில் குண்டு விழுந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்த அன்றுதான் தாங்கள் என்ன செய்தோம் என்று விளங்கியது. தங்கள் கட்டிகள் அதில் இருந்தனவா என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருந்தார். மனைவிக்குக்கூடச் சொன்னதில்லையாம். என்னிடம் மட்டும் ஏன் என்றேன். "நீ யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாய்?" என்று சிரித்தார்.

அவர் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார். என் அகதி வழக்கு முடியாமல் கிடந்த காலம் அது. பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த அண்ணை, விசாரணைக்குப் போகிற எல்லோருக்கும் ஒரே புத்திதான் சொல்வார்: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். கூடக் கதைச்சீரெண்டா மாட்டுப்படுவீர்."

அடுத்த குளிர்காலத்தில் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனேன். என்ன வேலை செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். தொழிற்சாலை, என்றார். என்ன தொழிற்சாலை? சாயம், வெளுக்கும் தூள். வேறு ஏதாவது தூசி? அவர் என்னைப் பார்த்தார். கையெழுத்து வைத்தவர் அவர், நான் அல்ல. என் வாயால் வந்தால் அவருடைய வாக்குத் தவறாது. அதை நான் அந்த நிமிடமே விளங்கிக்கொண்டேன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு மறுமொழி சொல்லாமல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பியதும் வழக்கம்போல எனக்குப் பால் ஊற்றி வைத்தார். வசந்தம் வருவதற்குள் போய்விட்டார்.

"நீங்கள் சொல்லியிருந்தாலும் அவர் பிழைச்சிருக்கமாட்டார்" என்பாள் மனைவி. ஓம், இருக்கலாம். ஆனால் அவர் செய்த வேலை ஓர் ஆஸ்பத்திரிப் பதிவிலாவது இருந்திருக்கும். அதை நினைத்து நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

போன மாதம் என் இருமலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் நம்முடைய ஊர்ப் பெற்றோரின் பிள்ளை. இளவயதில் என்ன வேலை செய்தேன் என்று கேட்டாள். மரத்தூளைச் சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை. உலை, பச்சைத் தூள், கட்டி, பால், எல்லாம் சொன்னேன். அவள் கணினியில் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், இது உங்கட இருமல் வருத்தத்துக்குத் தேவையில்லையே."

"தேவையில்லைத்தான். எண்டாலும் எழுதுங்கோ பிள்ளை."

அவள் எழுதினாள்.

இன்று காலை வாசலில் இருந்து போத்தலை எடுத்துவந்து ஒரு கிளாஸ் நிறைய ஊற்றினேன். காய்ச்சவில்லை.

"விசரே? சளி பிடிக்கப்போகுது" என்றாள் மனைவி.

பிடிக்கட்டும் என்று, என் பழைய வீட்டுக்காரர் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல, முழுவதையும் குடித்தேன்.