அத்தை சொன்ன டபுள்

பிரிட்ஜ் ஆட நாலு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, அத்தை என்று மூன்று பேர்தான் தேறினார்கள். அம்மா சீட்டைக் கையால் தொட மாட்டார். அதனால்தான் பத்து வயதில் எனக்கு அந்த நாலாவது இடம் கிடைத்தது. என் திறமைக்குக் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. படித்த படிப்பில் வேறு எதையும் அவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

அப்போது மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் உளுந்து பச்சை பிடித்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பொழுது நிறைய இருந்தது, அத்தைக்குத் தவிர. அப்பாவின் தங்கையான அவருக்கு வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பா விடவில்லை. எத்தனை பஸ் மாறுவது, புயல் என்றால் முதலில் அங்கேதான், தனியாக எப்படித் தங்குவாய் என்று ஒரு வாரமாக ஒரே பாட்டு.

ஞாயிறு மதியம் சீட்டைக் கலைத்துக்கொண்டே அத்தை மறுபடி கேட்டார். அப்பா நல்ல குஷியில் இருந்தார்.

“இந்த ஒரு ஆட்டம். நீ ஜெயிச்சா நாளைக்கே போய்ச் சேர்ந்துக்க. தோத்தா இந்தப் பேச்சையே விட்டுடணும்.”

“அப்புறம் மாறக் கூடாதுண்ணே,” என்றார் அத்தை. அவர் சிரிக்கவில்லை.

நானும் அத்தையும் ஒரு கட்சி, அப்பாவும் சித்தப்பாவும் எதிர்க்கட்சி. எனக்கு ஜெயிக்கவும் வேண்டும், அத்தை போகவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை.

எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஆளாளுக்குக் கேட்கும் ஏலம் ஆரம்பித்தது. சித்தப்பா கிளாவர் என்றார். அத்தை ஆர்ட்டின் என்றார். அப்பா ஏற்றிக்கொண்டே போய், இஸ்பேட்டைத் துருப்பாக வைத்து, பதின்மூன்று பிடியில் பன்னிரண்டை எடுத்துக் காட்டுகிறேன் என்று நின்றார்.

“டபுள்,” என்றார் அத்தை. உன்னால் முடியாது என்று அர்த்தம். கூட்டாளிக்கு ஜாடை காட்டுவது தப்பு என்பதால் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

முதல் சீட்டை நான் போட வேண்டும். என் கையில் கிளாவர் மட்டும் ஆறு, மற்றதெல்லாம் உதவாத சில்லறை. கிளாவர் சித்தப்பா கேட்டது, அதை எதற்கு அவருக்குத் தூக்கிக் கொடுப்பது? அத்தை கேட்டது ஆர்ட்டின். அப்புறம் டபுள் எதற்கு? ஒரு சீட்டைத் தொட்டேன், விட்டேன், இன்னொன்றைத் தொட்டேன். ஒன்றும் புரியாமல் அழுகை வரும்போல இருந்தது.

“சீக்கிரம் போடும்மா, உளுந்து அறுப்புக்கே வந்துடும்,” என்றார் சித்தப்பா.

நல்ல பிள்ளையாக ஆர்ட்டினைப் போட்டேன். அத்தை ஆர்ட்டின் ஆஸை வைத்து அந்த ஒரு பிடியை எடுத்தார். மிச்சம் பன்னிரண்டும் அப்பாவுக்குப் போயிற்று.

சித்தப்பா உச்சுக்கொட்டினார். “ஆறு கிளாவரை வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டியே. இந்த இடத்துல டபுள்னா, அவ கேட்ட ஆர்ட்டினைப் போடாதே, நான் கேட்ட கிளாவரைப் போடுன்னு அர்த்தம். உங்க அத்தைகிட்ட கிளாவரே இல்ல. போட்டிருந்தா துருப்பால வெட்டியிருப்பா. அப்புறம் அந்த ஆர்ட்டின் ஆஸ்ல ஒண்ணு. ரெண்டு பிடி போனா உங்கப்பா அவ்வளவுதான்.”

“நான் கேட்டதைத்தானே போட்டா, அவ மேல தப்பில்ல,” என்று அத்தை சீட்டுகளை அடுக்கிப் பெட்டியில் வைத்தார். பேச்சு பேச்சுதான் என்றார் அப்பா, ரொம்பச் சந்தோஷமாக.

சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். கிளாவர் விஷயம் அதற்குள் எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. இனி அந்தத் தப்பைச் செய்யவே மாட்டேன் என்று முடிவும் செய்திருந்தேன். அத்தையைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது.

“நல்லவேளை அத்தை, நாம தோத்துட்டோம். நீங்க எங்கயும் போக வேண்டாம்ல,” என்றேன்.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு ரிப்பனை என் கண்ணில் நீர் வரும் அளவுக்கு இறுக்கிக் கட்டினார். வலிக்குது என்றேன். எப்போதும் உடனே தளர்த்திவிடுபவர், அன்று தளர்த்தவில்லை. நல்ல சேதியைச் சொன்னதற்கு அத்தைக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவேயில்லை.