சாகமாட்டேன் என்ற மாக்

மாக் சிங்-யிப்புக்கு நன்றாகத் தெரிந்த தொழில் சாவதுதான். உதைபட்டு மாடிப்படியில் உருள்வான், வாள் பாய்ந்து மூங்கில் சாரத்திலிருந்து விழுவான். காலையில் தாடியோடு செத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு தாடி இல்லாமல் வேறொருவனாக வந்து அதே படத்தில் மறுபடியும் சாவான். ஹாங்காங்கில் குங்ஃபூ படங்கள் ஈசல் மாதிரி கிளம்பிய எழுபதுகள் அவை. கதை இல்லாமல் படம் எடுத்தார்கள். அடிவாங்க ஆள் இல்லாமல் எடுக்க முடியவில்லை. கூட இருந்தவர்கள் அவனைப் 'பொணம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

படத்தில் செத்தவனுக்கு அன்றைக்கே சிவப்பு உறையில் காசு போட்டுக் கொடுப்பார்கள். தோஷம் ஒட்டாமலிருக்க, வீடு போகுமுன் அதைச் செலவழித்துவிட வேண்டும். மாக் பன் வாங்கித் தின்றுவிட்டுப் போவான். இருந்தும் அவன் மனைவி லின்-ஹோவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. தான் வேலை செய்த பிளாஸ்டிக் பூ கட்டும் தொழிற்சாலையில் எல்லாரும் தன் வயிற்றையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றும். மூன்றாவது முறை தரித்ததும் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"பிள்ளை பொறக்குற வரைக்கும் நீ சாகக் கூடாது. சினிமாவுலயும்தான்."

மாக் தலையைச் சொறிந்துகொண்டு ஸ்டண்ட் மாஸ்டர் குவானிடம் போய் நின்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. சுட்ட பன்றியைப் படைத்துக் கும்பிடாமல் கேமராவைத் தொட விடாத மனிதர் அவர்.

"சாகுறதைத் தவிர உனக்கு என்னடா தெரியும்?"

"ஓடத் தெரியும் மாஸ்டர்."

அப்படித்தான் அப்போது எடுத்துக்கொண்டிருந்த படத்தில் வில்லனின் அடியாட்கள் எல்லாரும் செத்து விழ, மாக் மட்டும் மலைமேல் ஓடித் தப்பினான். ஒருத்தனைத் தப்பவிட்டால் ஹீரோவுக்கு என்ன மரியாதை என்று தயாரிப்பாளர் முனகினார். நடந்ததை ஊருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்று மாஸ்டர் அவர் வாயை அடைத்தார்.

படம் வந்தது. கணவன் சாவதைப் பார்க்கப் பிடிக்காமல் அதுவரை தியேட்டர் பக்கமே போகாத லின்-ஹோ, நிறைமாத வயிற்றோடு தானும் வருவேன் என்றாள். ஷாம் ஷூய் போ வட்டாரத்துத் தியேட்டர் ஒன்றில் ஞாயிறு மதியக் காட்சி. மாக் மாப்பிள்ளை மாதிரி தலைவாரிக்கொண்டு அவளை அழைத்துப்போனான்.

பாதிப் படத்தில் வந்தது வினை. சண்டைக்காட்சி நீளம் பற்றவில்லை என்று, எடிட்டர் அதே கம்பெனியின் பழைய படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருந்தார். சிக்கனம். திரையில் மாக் சாரத்திலிருந்து விழுந்தான். வாயோரம் ரத்தம் வழிய, கண் திறந்தபடி செத்துக் கிடந்தான்.

அது பழைய படம், போன வருஷம் எடுத்தது என்று மாக் குழறினான். லின்-ஹோவின் காதில் எதுவும் ஏறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாவி, நான் வாக்கைக் காப்பாற்றியும் கெடுத்துவிட்டானே என்று மாக் எடிட்டரைச் சபித்தான்.

அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. வில்லனின் வீட்டு வாசலில் மாக், பூசணி விதை கொறித்தபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

தியேட்டர் சிரிப்பில் வெடித்தது.

"டேய், இவன் இப்பத்தானடா செத்தான்!" என்றார் முன்வரிசையில் ஒரு துறைமுகக் கூலியாள்.

"எமனே வேணாம்னு திருப்பி அனுப்பிட்டான் போல" என்றார் இன்னொருவர்.

கடைசிச் சண்டையில் ஹீரோவை யாரும் கவனிக்கவில்லை. மாக் மலைமேல் ஓட ஓட, "ஓடுடா, நிக்காதே" என்று அரங்கமே கைதட்டியது. இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழியில் நின்றிருந்த லின்-ஹோ எப்போது திரும்பி வந்து உட்கார்ந்தாள் என்று மாக்குக்குத் தெரியாது. சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. இதைவிட நல்ல சகுனம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்றாள்.

பெண் பிறந்தாள். குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும், வழக்கப்படி சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகளைப் படப்பிடிப்பில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, மாக் அன்றைக்கே ஒரு கிணற்றடியில் செத்தான்.

அந்தப் படத்துக்கு லின்-ஹோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். அவன் விழுந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினாள்.

"பதறாதீங்க அக்கா," என்றாள் லின்-ஹோ, குழந்தையைத் தட்டிக்கொண்டே. "ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடுவார்."