கதவுக்கு வெளியே நின்ற சொந்தங்கள்

கொரோனா அடங்கி ஊர் பழையபடி நடமாடத் தொடங்கிய சமயம். மலேசியாவின் மெர்சிங்கில் ஒரு சிறிய கிளினிக்கில் மனநல ஆலோசகராக இருந்தேன். கணவரும் மகனும் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில். வாரக் கடைசியில்தான் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

ஒருநாள் உட்பகுதிக் கிராமத்திலிருந்து ஓராங் அஸ்லி பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். கைக்குழந்தையைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. மூத்த மகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றார்கள். கணவர், தங்கை, மாமியார், பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். எங்கள் மூத்த நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அலமாக்! இது என்னம்மா, கிளினிக்கா கல்யாண வீடா?”

நோயாளியின் ரகசியம் காக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். சொந்தங்களை வெளியே நிறுத்தி, அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் வாயே திறக்கவில்லை. அடுத்தடுத்த முறையும் அதே கதைதான். உடம்பு கரைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அன்றைக்கு அந்தப் பெண்ணின் தங்கை என்னைத் தேடி வந்தாள். பேசியது மலாயில்.

“மிஸி, பயந்துபோன உசுரு தனியா இருந்தா இன்னும் தூரமா போயிடும்னு எங்க ஆளுங்க சொல்வாங்க. அக்காவ ஒரு நிமிஷம்கூட நாங்க தனியா விடுறதில்ல. இங்க வந்தா நீங்க விடுறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. டாக்டரிடம் மன்றாடி அனுமதி வாங்கினேன். அடுத்த முறை நாற்காலிகளை ஓரங்கட்டிப் பாயை விரித்தோம். எல்லோரும் உள்ளே வந்தார்கள். மாமியார் பாக்கு சீவினார், பிள்ளைகள் உருண்டார்கள், ஊர்ப்பேச்சு ஓடியது. நான் சும்மா இருந்தேன், அதுதான் எனக்குப் பெரும்பாடு. மழையைப் பற்றி யாரோ சொன்னபோது அந்தப் பெண் மெல்ல, “அன்னிக்கும் மழைதான்” என்றார். பிறகு குழந்தையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதார். கூடவே அத்தனை பேரும் அழுதார்கள். நானும்தான்.

பிறகு வந்தபோதெல்லாம் பாய்தான். சாப்பிடத் தொடங்கினார். மகளுக்குத் தலை வாரிவிட்டதாகத் தங்கை வந்து சொன்னபோது நர்ஸுக்கே கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஜொகூர் பாருவுக்கு மாற்றல் வந்தது. நானே கேட்டு, காத்திருந்து வாங்கிய மாற்றல். எனக்குப் பதிலாக வந்தவரிடம் எல்லாம் விளக்கினேன். அவரும் நல்ல மனசோடுதான் கேட்டுக்கொண்டார். ஆனால் டாக்டரும் மாறினார். நோயாளி மட்டும்தான் உள்ளே என்று பழைய விதி திரும்பி வந்தது. போன் போட்டுக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

மறு வருடம் தீவுக்குப் போகக் குடும்பத்தோடு மெர்சிங் படகுத்துறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் அந்தத் தங்கை தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“கிளினிக்குக்கு ரெண்டு தடவ போச்சு மிஸி. அப்புறம் வரமாட்டேன்னிருச்சு. இப்ப பேசுறதில்ல. புள்ள என்கூடத்தான் இருக்கு.”

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படகில் மகன் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதானே மாற்றல் கேட்டேன், அதில் தப்பில்லைதான். ஆனாலும் ஒரு ஆளின் நல்ல மனசை மட்டும் நம்பி நடக்கிற வைத்தியம், அந்த ஆளோடு பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது என்பது இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.